குகைக்குள் ஒரு சமையலறை

எங்கள் பக்கம் தடுக்கி விழுந்தால் ஒரு சாவடியில்தான் விழ வேண்டும். வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என்று வரிசையாக இருக்கின்றன. சாவடி என்றால் வழிப்போக்கர்கள் மூட்டையை இறக்கி, மாட்டை அவிழ்த்துக் கட்டி, ஒரு ராத்திரி படுத்து எழுந்து போகிற இடம். இன்றைக்குப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ராத்திரி பதினோரு மணிக்கு வந்து நின்று பாருங்கள். படுப்பது இருக்கட்டும், சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்ப் பால் பாக்கெட் வாங்கி வந்தாலே குலதெய்வத்துக்குக் கற்பூரம் காட்டலாம்.

அப்படிப்பட்ட சாவடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு, போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்பெயினிலிருந்து வீடியோ கால் வந்தது. ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் நாத்தனார் மகன், லீவுக்கு மனைவி, குழந்தையோடு ‘மோட்டார் ஹோம்’ எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறான். வண்டிக்குள்ளேயே கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உண்டு. நமக்கு கேரவன் என்றால் ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோயின் உட்கார்ந்திருக்கும் வண்டி. அவனுக்கு அதுதான் பத்து நாளைக்கு வீடு.

அவன் நின்றிருந்த ஊரின் பெயர் குவாதிக்ஸ். ஸ்பெயினின் தெற்கே, கிரனாடா மாகாணத்தில் இருக்கிறது. போனைத் திருப்பிக் காட்டினான். மண் மேடுகள். மேட்டின் உச்சியில், தரையிலிருந்து நேராக முளைத்த மாதிரி வெள்ளைவெள்ளையாகப் புகைக்கூண்டுகள். கீழே மேட்டின் முகத்தில் ஒரு கதவு, ஒரு ஜன்னல், சுண்ணாம்பு அடித்த முகப்பு. கதவைத் திறந்தால் உள்ளே ஹால், டிவி, ஃபிரிட்ஜ், பின்னால் படுக்கையறை. எல்லாமே மேட்டைக் குடைந்து செய்தவை. இப்படிச் சுமார் இரண்டாயிரம் குகை வீடுகள் அந்த ஊரில் இருக்கின்றனவாம், இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்களாம். வெளியே வெயில் கொளுத்தினாலும் குளிர் நடுக்கினாலும் உள்ளே வருடம் முழுக்கச் சுமார் 18 முதல் 20 டிகிரிதான். கரண்ட் பில் பார்க்கிற எனக்குப் பெருமூச்சு வந்தது.

“குடும்பம் பெருத்துப்போனா இன்னொரு ரூமைக் குடைஞ்சுக்குவாங்க பாட்டி” என்றான் அவன்.

பாட்டி, அதாவது என் மாமியார், அதுவரை வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், எழுந்து வந்து போனைக் கையில் வாங்கினார். “செவுத்தக் குடைஞ்சா ரூமா? அப்ப யாருக்கும் எடம் பத்தலன்னு சொல்லவே முடியாதே!” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை, அந்தப் பழக்கமே அவருக்குக் கிடையாது. ஆனால் எங்களுடையது இரண்டு படுக்கையறை வீடு. ஐப்பசியில் மாமா தவறிய பிறகு அத்தையை நாங்கள் அழைத்து வந்துவிட்டோம். பிளஸ் டூ படிக்கும் என் மகளுடைய அறையில்தான் அவருக்குப் படுக்கை. விடியற்காலை வரை அவள் லைட் போட்டுப் படிப்பதும், இவர் முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பதும் எனக்குத் தெரியும்.

செய்யாறு பக்கத்துக் கிராமத்தில் அத்தையின் ஓட்டு வீடு பூட்டிக் கிடக்கிறது. நாற்பத்தாறு வருடம் அவர் வாழ்ந்த வீடு. “மழைக்கு ஓடு சரிஞ்சுடும், இப்பவே வித்துடலாம்” என்று என் கணவரின் அண்ணன் பார்ட்டியும் பார்த்துவிட்டார். கையெழுத்துப் போட வேண்டியது அத்தைதான். அவர் போட மாட்டேன் என்றும் சொல்லவில்லை, போடுகிறேன் என்றும் சொல்லவில்லை. “பாக்கலாம்பா” என்பார். நான்கு மாதமாகப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

வீடியோ கால் முடிந்ததும் அத்தை கேட்டார். “நம்ம பக்கம் அந்த மாதிரி குகையில குடியிருந்தவங்க யாரும் இல்லியா?”

இல்லாமல் என்ன? புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டம் என்றொரு குகைத்தளம் இருக்கிறது. பாறையையே செதுக்கித் தலையணை மேடோடு பதினேழு கல் படுக்கைகள். சமணத் துறவிகள் வழவழப்பாக்கிப் படுத்த இடம். மதுரையைச் சுற்றியும் அப்படிப் பல குன்றுகள் உண்டு. ஆனால் அவர்கள் வீட்டை விட்டு வந்தவர்கள். அடுப்பு, பானை, அம்மா, பிள்ளை என்று குடித்தனம் நடந்த குகை என்றால் எனக்குத் தெரிந்து அது திருவண்ணாமலை மலை மேல் இருக்கிறது. அதைச் சொன்னேன். “நான் செய்யாத்துக்காரி, தீபத்துக்கு எத்தினி தபா போயிருப்பேன். மலை மேல ஏறுனதே இல்ல” என்றார். அவருக்கு எழுபத்தொரு வயது.

இப்படித்தான் எங்கள் மோட்டார் ஹோம் புறப்பட்டது. பன்னிரண்டு சீட் டெம்போ டிராவலர். கட்டில் இல்லை, பாத்ரூம் பெட்ரோல் பங்குகளில். ஆனால் சின்ன சிலிண்டர், ஒற்றை அடுப்பு, இட்லிக் குண்டான், இரண்டு கேன் தண்ணீர், ஒரு தார்ப்பாய், புளிசாதத்துக்குப் புளிக்காய்ச்சல் எல்லாம் இருந்தன. கேரள அரசு 2021-ல் ‘கேரவன் கேரளா’ என்று திட்டமே அறிவித்தது. நாம் அதற்கும் முன்னாலிருந்தே வேன் பிடித்து, பின்சீட்டில் அரிசி மூட்டை போட்டு, புளியமரத்தடியில் சாம்பார் கொதிக்கவிட்டு, திருப்பதியும் ராமேஸ்வரமும் போய் வந்த ஆட்கள்தானே! பேர் மட்டும்தான் வைக்கவில்லை.

விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி, ஸ்ரீபெரும்புதூர் தாண்டி, காஞ்சிபுரத்தில் காபி. அங்கிருந்து வந்தவாசி சாலையில் கொஞ்ச தூரத்தில் மாமண்டூர் வரும். சாலையிலிருந்து பார்த்தால் சாதாரணப் பாறைக் குன்று. கிட்டே போனால் குன்றின் உடம்பில் வரிசையாக வாசல்கள். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் குடைந்த குடைவரைகள், மொத்தம் நான்கு. சிலது முடியாமல் பாதியில் நிற்கிறது. உளி பட்ட இடமெல்லாம் அப்படியே தெரிகிறது, நேற்று மாலை ஆள் வேலையை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போன மாதிரி. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் செய்தேன் என்று மண்டகப்பட்டில் கல்வெட்டு வைத்துப் பெருமைப்பட்டுக்கொண்ட ராஜா அவர்தான். அவர் எழுதிய மத்தவிலாசம் என்ற நகைச்சுவை நாடகத்தின் பெயர் மாமண்டூர் கல்வெட்டில் வருகிறது. நாடகம் எழுதியதை மறக்காமல் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார் பாருங்கள், எழுதுகிற எல்லோருக்கும் இருக்கிற ஆசைதான்!

தூண்களுக்கு நடுவே குளுகுளுவென்று காற்று. என் மகன் “இங்கயே தங்கிடலாம்மா” என்றான். அத்தை உள்ளே சுற்றிப் பார்த்துவிட்டு, “சாமிக்குக் கட்டுனது. அடுப்பு வெக்க எடம் எங்க இருக்குது?” என்று வெளியே வந்துவிட்டார். ஏரிக்கரையில் தார்ப்பாய் விரித்து இட்லி சாப்பிட்டோம்.

வந்தவாசி, சேத்துப்பட்டு, அவலூர்ப்பேட்டை வழியாகத் திருவண்ணாமலை சேரும்போது வெயில் ஏறிவிட்டது. அன்றைக்கு மலையேற வேண்டாம் என்று விட்டுவிட்டோம். வாசகிகளுக்கு ஒரு வேண்டுகோள். மலைக்குப் போவதென்றால் காலை எட்டு மணிக்குள் ஏறிவிடுங்கள். பாறையில் வெயில் இறங்கிவிட்டால் வெறுங்காலை வைக்க முடியாது. கையில் தின்பண்டக் கவர் வேண்டவே வேண்டாம், குரங்குகள் பங்கு கேட்காது, மொத்தமாக எடுத்துக்கொள்ளும்.

மறுநாள் காலை ஆறரைக்கு, ரமணாஸ்ரமத்தின் பின்வாசல் வழியாக ஏற ஆரம்பித்தோம். கல் பாவிய நல்ல பாதை, இரண்டு பக்கமும் மரங்கள். இளவட்டங்கள் அரைமணி நேரத்தில் ஏறிவிடலாம். அத்தைக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. இருபது படிக்கு ஒருமுறை உட்கார்ந்தார். ஒரு திருப்பத்தில் ஊர் முழுக்கக் கீழே விரிகிறது, அண்ணாமலையார் கோயிலின் கோபுரங்கள் சதுரமாக, கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி. கோயிலுக்குப் பின்னால் மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டு வீடுகள், வீடுகள்.

அந்த வீடுகளைப் பார்க்கும்போது மனசு சும்மா இருக்கவில்லை. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில், இந்த மலையடிவாரத்து வ.உ.சி. நகரில்தான் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டையே மூடியது. ஏழு பேர் இறந்தார்கள், அதில் ஐந்து பேர் குழந்தைகள். மலையடியில் வீடு கட்டலாமா என்று நாம் டிவி முன்னால் உட்கார்ந்து கேட்டோம். எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கேதானே கட்டுவார்கள்? 2015-ல் தண்ணீர் புகுந்த வீடுகளில் பாதி, ஏரியும் ஆற்றங்கரையுமாக இருந்த இடங்களில் நம்மைப் போன்றவர்கள் லோன் போட்டு வாங்கியவைதானே! அத்தை அந்தப் பக்கம் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கோபுரத்தையா வீடுகளையா என்று தெரியவில்லை.

முதலில் வருவது கந்தாஸ்ரமம். கந்தசாமி என்கிற தொண்டர் பாறையும் முள்ளுமாக இருந்த இடத்தைத் திருத்தி உருவாக்கியதால் அவர் பெயரிலேயே விளங்குகிறது. பக்கத்திலேயே ஊற்றுநீர், தென்னை மரங்கள். ரமண மகரிஷி 1916 முதல் 1922 வரை இங்கே இருந்தார். அதற்கு முன்னால், 1899-லிருந்து பதினேழு வருடம், இன்னும் கொஞ்சம் கீழே இருக்கும் விருபாட்ச குகையில்.

அவருடைய உபதேசங்களைப் பற்றி எழுத நான் ஆளில்லை, அதற்குப் பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் போனது அந்த அம்மாவின் அடுப்பைப் பார்க்க.

அழகம்மாள். திருச்சுழியில் வாழ்ந்தவர். 1892-ல் கணவர் போய்விட்டார். நடு மகன் பதினாறு வயதில் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போய்விட்டான். அது 1896. இரண்டு வருடம் கழித்து, திருவண்ணாமலையில் பவழக்குன்றில் இருக்கிறான் என்று தெரிந்து ஓடி வந்து, அழுது, கெஞ்சி, “வீட்டுக்கு வாடா” என்று கூப்பிட்டுப் பார்த்தார். மகன் வாயே திறக்கவில்லை. தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்தார், நடக்கிறபடி நடக்கும் என்கிற அர்த்தத்தில். அந்தத் தாய் தனியாகத் திரும்பிப் போனார். பிறகு மூத்த மகனும் இறந்தார். திருச்சுழி வீடு கடனுக்காகக் கைமாறியது. கடைசியில், 1916-ல், மகன் வீட்டுக்கு வராவிட்டால் போகிறான், நான் மகன் இருக்கும் இடத்துக்கு வருகிறேன் என்று மலையேறிவிட்டார்.

இதைக் கந்தாஸ்ரமத்துத் திண்ணையில் உட்கார்ந்து, அத்தைக்கு மெல்லிய குரலில் சொன்னேன். அங்கே சத்தம் போட்டுப் பேசக் கூடாது.

“அந்தம்மா வந்தப்ப, அங்க இருந்தவங்க ‘வாங்க’ன்னு சொன்னாங்களா?” அத்தையின் முதல் கேள்வி இதுதான்.

எல்லோரும் சொல்லவில்லை. கூட இருந்த சிலருக்கு அதில் சம்மதம் இல்லை. வீட்டை விட்டு வந்தவர், அம்மா வந்து உட்கார்ந்தால் இந்த இடத்தையும் விட்டுப் போய்விடுவாரோ என்கிற பயம். ஆனால் மகன் போகவில்லை, அம்மாவும் போகவில்லை. அதுவரை அங்கே சமையல் என்பதே கிடையாது. ஊருக்குள் போய்ப் பிச்சை எடுத்து வந்து, எல்லோரும் கலந்து பகிர்ந்து சாப்பிடுவார்கள். அழகம்மாள் வந்து மெதுவாக அடுப்பு மூட்டினார். குகையில் கறியும் கூட்டும் வந்தது. இளைய மகனும் பின்னாலேயே வந்து சேர்ந்தார்.

ஒரு தரம் அப்பளம் இட உட்கார்ந்த அம்மா, மகனையும் கூட வந்து ஒரு கை கொடுக்கச் சொன்னாராம். மகன் அப்பளம் இடவில்லை, அப்பளம் செய்கிற முறையையே தத்துவமாக மாற்றி ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார். ‘அப்பளப் பாட்டு’ என்று இன்றைக்கும் பாடுகிறார்கள். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “எல்லா வூட்லயும் ஆம்பளப் புள்ளைங்க ஒரே மாதிரிதான். வேலை சொன்னா கத சொல்லுவானுங்க.” என் கணவர் தூரத்தில் போட்டோ எடுப்பது போல நின்றுகொண்டார்.

1922 மே 19 அன்று அழகம்மாள் இங்கேதான் காலமானார். மலையடிவாரத்தில் அடக்கம் செய்தார்கள். அதே வருடக் கடைசியில் மகனும் மலையை விட்டு இறங்கி அந்தச் சமாதி பக்கத்திலேயே தங்கிவிட்டார். இன்று நாம் பார்க்கிற ஆசிரமம் அதைச் சுற்றி வளர்ந்ததுதான்.

விருபாட்ச குகைக்குக் கீழே இறங்க வேண்டும். பாதை கரடுமுரடு, அத்தையை ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் நான் பிடித்துக்கொண்டோம். வெளியே சின்னத் திண்ணை, உள்ளே இருட்டு, ஒரு விளக்கு. ஸ்பெயின் குகை மாதிரி குளுகுளு என்று எதிர்பார்த்து நுழைந்தால் உள்ளே கதகதவென்று புழுக்கம்! யோசித்தால் காரணம் புரிகிறது. மண்ணுக்குள் ஆழத்தில் வெயிலும் குளிரும் மாறிமாறி எட்டுவதில்லை. அந்த ஊரின் வருடச் சராசரி வெப்பம் எதுவோ, அதை ஒட்டியே உள்ளே இருக்கும். குவாதிக்ஸில் குளிர்காலம் நிஜமாகவே குளிர்காலம், அதனால் சராசரி குறைவு. நமக்குச் சென்னையில் சராசரியே 28 டிகிரிக்கு மேல். எவ்வளவு தோண்டினாலும் ஏசி கிடைக்காது, மின்விசிறி இல்லாத ரூம்தான் கிடைக்கும். விருபாட்ச குகையில் கோடையில் தண்ணீருக்கும் தட்டுப்பாடு, அதனால் பக்கத்திலிருக்கும் மாமரக் குகைக்கு மாறிவிடுவார்களாம். ஆக, வேலப்பன்சாவடியில் குகை வீடு கட்டும் யோசனையை என் மகன் அங்கேயே கைவிட்டான்.

குகையை விட்டு வெளியே வந்து செருப்பைத் தேடும்போது அத்தை சொன்னார். “வந்து அடுப்பு மூட்டுச்சி பாரு அந்தம்மா. அதாம்மா. வெறுமனே வந்து உக்காந்திருந்தா எத்தினி நாளைக்கி உக்கார முடியும்?”

எனக்கு இறங்கும்போதெல்லாம் இதே ஓடியது. நான்கு மாதமாக எங்கள் சமையலறைக்குள் அத்தை வந்ததில்லை. கீரை ஆய்ந்து தருவார், பூண்டு உரித்துத் தருவார், எல்லாம் வாசலில் உட்கார்ந்து. “நீங்க ரெஸ்ட் எடுங்க அத்தை, நான் பாத்துக்கறேன்” என்று தினம் நான் சொன்னது அன்பால்தான், சத்தியமாக. அதோடு, இன்னொருவர் கை பட்டால் என் டப்பாக்கள் இடம் மாறிவிடும் என்கிற எண்ணமும் ஒரு ஓரத்தில் இருந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். அவர் அதைக் கண்டுபிடித்திருக்கிறார். கண்டுபிடித்தும் ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பும்போது போளூர், ஆரணி, செய்யாறு வழி. நானேதான் டிரைவர் அண்ணனிடம் சொன்னேன், ஊருக்குள் திருப்புங்கள் என்று. வீட்டுச் சாவி அத்தையின் இடுப்பில்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டேதான் மலை ஏறியிருக்கிறார்.

கதவைத் திறந்ததும் வெளவால் நாற்றம். ஒரு மூலையில் ஓடு சரிந்து வானம் தெரிந்தது. என் கணவரின் அண்ணன் சொன்னது நிஜம்தான், இந்த மழையைத் தாண்டாது. அத்தை அழவில்லை. நேரே சமையலறைக்குப் போனார். மண் அடுப்பின் மேல் கையை வைத்து ஒரு நிமிடம் நின்றார். பிறகு, “டேய், அந்த அம்மியத் தூக்கு” என்றார் என் கணவரிடம்.

“அம்மா, அது ஐம்பது கிலோ இருக்கும். நாம மாடி வீடு.”

“இருக்கட்டும். தூக்கு.”

அவரும் டிரைவர் அண்ணனும் சேர்ந்து தூக்கி, டிராவலரின் கடைசி சீட்டடியில், சிலிண்டர் பக்கத்தில் வைத்தார்கள். குழவியை அத்தை மடியில் வைத்துக்கொண்டார். காஞ்சிபுரம் வரை இறக்கவே இல்லை. தூங்கும்போதும் கை அதன் மேல்தான்.

அம்மி இப்போது எங்கள் சமையலறையில், ஃபிரிட்ஜ் இருந்த இடத்தில் இருக்கிறது. ஃபிரிட்ஜ் ஹாலுக்கு வந்துவிட்டது, டிவி கொஞ்சம் நகர்ந்துகொண்டது. என் கடுகு டப்பா எங்கே இருக்கிறது என்று இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். கீழ்வீட்டுக்காரர் ஒரு நாள் மேலே வந்து, “காலைல ஏதோ கடகடன்னு சத்தம் வருதேம்மா” என்றார். ஒரு கிண்ணம் துவையல் கொடுத்து அனுப்பினோம்.

வீட்டுப் பத்திரத்தில் அத்தை இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நேற்று புரோக்கர் போன் செய்தபோது அவரே வாங்கிப் பேசினார். விலையை ஒரு லட்சம் ஏற்றிச் சொல்லிவிட்டு, “கதவும் நெலையும் எனக்கு வேணும், அது வெலைல சேராது” என்றார். அந்த நிலைக்கதவை எங்கே வைப்பது என்று நாங்கள் யாரும் இன்னும் அவரிடம் கேட்கவில்லை.